கலைச்சொல் வேண்டும்: இல்லாத குரலுக்கு என்ன பெயர்?

அன்புடையீர்,
மலாய் மனநலக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஹாலுசினாசி'க்கு (இல்லாததைக் காண்பது, கேட்பது) மாயத்தோற்றம், 'பாரனோயா'வுக்கு (பிறர் தமக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற எண்ணம்) ஐயநோய் என்று எழுதிவைத்தேன். மனம் ஒப்பவில்லை. மனச்சிதைவு நோயில் மிகுதியும் வருவது குரல். காதில் விழுவதைத் தோற்றம் என்பதா? நாள்தோறும் சம்சு (மலிவுச் சாராயம்) குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதைக் காணலாம். அது உயிருக்கே ஆபத்து. சியாபு என்னும் போதைப்பொருள், கடுங்காய்ச்சல், முதியவரின் சிறுநீர்த் தொற்று ஆகியவையும் இப்படிக் காண்பதற்குக் காரணங்கள். ரப்பர்த் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'முனி அடித்துவிட்டது'. அதனாலேயே கிளினிக்குக்குப் பிந்தி வருகிறார்கள்.
— தாதி, சுங்கை சிப்புட், மலேசியா

அம்மா,
'இல்பொருள் உணர்வு' என்று எழுதுங்கள். இல்பொருள் உவமை எல்லாரும் படித்ததுதானே? கயிற்றைப் பாம்பென்பது திரிபு. அங்கே கயிறாவது கிடக்கிறது. சங்கப் பாடல்களின் பேய்த்தேரும் (கானல் நீர்) அப்படியே. வெயிலில் ஒளி வளைவதால் தெரிவது. (பேய்க்கும் தேருக்கும் என்ன உறவு என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.) இங்கோ கயிறே இல்லை.
'ஐயநோய்' அறவே கூடாது. குற்றியோ (மரக்கட்டையோ) மகனோ (மனிதனோ) என்று இரண்டுக்கும் நடுவே நிற்பதே ஐயம். சோற்றில் நஞ்சு வைக்கிறார்கள் என்பவர் ஐயப்படவில்லை, தெளிந்துவிட்டார். குறள் 510-இல் 'தேரான் தெளிவு' இருக்கிறதே! 'தேராத்தெளிவு' என்பேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா,
அந்தக் குறள் ஆராயாமல் ஒருவரை நம்புவதைச் சொல்கிறது. இவர் யாரையும் நம்பாதவர். என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 'இல்பொருள்' என்றால் வீட்டுச் சாமான் என்றுதான் எடுத்துக்கொள்வார். சந்தேகம் வடசொல்லாகவே இருக்கட்டும், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) எல்லாருக்கும் புரியும். 'மருட்சி'யும் வேண்டாம், தொல்காப்பியரின் மருட்கை வியப்பல்லவா?
— ஈப்போவிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. 'மாய', 'பொய்' இரண்டையும் நீக்கிவிட்டேன். குரல் கேட்பவருக்கு அது கேட்கத்தான் செய்கிறது. பொய் என்றால் எழுந்து போய்விடுவார். 'இல்லாதது கேட்டல், காணல்' என்றும் 'தீராச் சந்தேகம்' என்றும் நால்வர் ஒப்பியபடி அனுப்புகிறேன்.
— தாதி

அம்மா, முதலாவது சொல்லன்று, தொடர், போகட்டும். இரண்டாவது பிழை. தீராதது அவருடைய சந்தேகமன்று, உறுதி. உறவினர் இதைப் படித்துவிட்டு, ஆதாரம் காட்டினால் தெளிந்துவிடுவார் என்று அவரோடு வாதாடுவார்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பேய்த்தேர் மடல் நாளை வரும்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்