கோரையும் அருகம்புல்லும் மண்டிய 5 சென்ட்: காய்கறி போடும் முன் எப்படி ஒழிப்பது?

செம்மண்காடு:
வீட்டை ஒட்டி 5 சென்ட் செம்மண், நாலைந்து வருடத் தரிசு. கத்தரி, வெண்டை, மிளகாய் போடவேண்டும். ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) இரண்டு முறை ஓட்டித் தண்ணீர் விட்டதில், பத்தே நாளில் முன்னைவிட அடர்த்தியாகக் கோரை வந்துவிட்டது. அருகும் இருக்கிறது. களைக்கொல்லி வேண்டாம். கறுப்பு மல்ச்சிங் ஷீட் விரித்தால் அடங்குமா?

வரப்போரம்:
அருகு அடங்கும். கோரை அடங்காது, ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கொண்டு வரும்.

காரியத்தைக் கெடுத்தது ரோட்டவேட்டர்தான். கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சரம் சரமாகக் கோத்திருக்கும். சரம் அறாதவரை பாதிக்கு மேல் உறக்கத்தில் கிடக்கும். பிளேடு அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். அருகும் அப்படித்தான், கணுவுக்கு ஒரு செடி.

இப்போதே தண்ணீரை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் மண்வெட்டியால் முக்கால் அடி ஆழத்துக்குக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடுங்கள். கட்டியை உடைக்காதீர்கள், இடுக்கில் வெயிலும் காற்றும் புகவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று புரட்டல். ஒவ்வொரு தடவையும் அருகங்கொடியை வாரியால் இழுத்து வெளியே தள்ளுங்கள். நடுவில் கோடை மழை பிடித்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

காய்ந்ததா என்று பார்க்க நாலு கிழங்கை நறுக்குங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, மருந்து வாசனை அடித்தால் இன்னும் உயிர் இருக்கிறது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் செத்தது.

கொத்துக்காரன்:
வெயிலோடு முடியாது. அடியில் தப்பியது முதல் மழைக்கே தலைகாட்டும். அப்போது அவசரப்பட்டு நாற்று நடாதீர்கள். 5 சென்ட்டுக்கு ஒரு கிலோ சணப்பு (பசுந்தாள் உரச்செடி) நெருக்கி விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி மண்ணில் புதைத்துவிடலாம், தழைச்சத்தும் சேரும்.

நடவுக்குப் பிறகு 15 நாளுக்கு ஒரு கொத்து, தவறக்கூடாது. முளை வெளிவந்து மூன்று வாரத்தில் புதுக்கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், அதற்குள் வெட்டினால்தான் பழைய கிழங்கு இளைக்கும். ஒரு மாதம் விட்டுக் கொத்துவது வீண் கூலி. முதல் வருடம் வெங்காயமும் கீரையும் வேண்டாம், அவை மண்ணை மூடாது. சர்க்கரைவள்ளிக்கொடி, தட்டைப்பயறு நல்லது, கத்தரியும் பரவாயில்லை.

செம்மண்காடு:
பொறுக்கின கிழங்கை உரக்குழியில் போடலாமா? ஷீட்டுக்குப் பதில் வெள்ளைப் பாலிதீன் மூடினால்?

வரப்போரம்:
உரக்குழியில் போட்டால் எருவோடு திரும்பி வரும். சிமெண்ட் தரையில் சருகாகக் காயவைத்துக் கொளுத்துங்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிதீனை ஈரமண்ணில் ஆறு வாரம் மூடினால் களைவிதைகள் வேகும், ஆழத்துக் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை.

கொத்துக்காரன்:
வரப்பை மறந்துவிட்டோம். அருகு அங்கிருந்துதான் திரும்ப ஏறும். சுற்றிலும் ஒரு அடி ஆழம், அரை அடி அகலத்தில் பள்ளம் வெட்டி, அதில் எட்டிப்பார்க்கும் கொடியை வாரம் ஒருமுறை நறுக்குங்கள். மேட்டுப்பாத்திக்கு லோடு மண் அடிப்பதாக இருந்தால், இறக்கும் முன் ஒரு கூடை அள்ளிச் சலித்துக் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.