புதுப்பிப்பு: இடைக்காட்டூர் கோயிலில் அமைதியாக உட்கார எப்போது போகலாம்?

மதுரையில் தங்கி, சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூரில் உள்ள திருஇருதய ஆண்டவர் கத்தோலிக்கக் கோயிலில் கூட்டமின்றி ஜெபிக்க வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாயிற்று.

பலித்தது "முதல் வெள்ளியையும் ஞாயிறையும் விடுங்க, சாதாரண நாளில் பூசை முடிஞ்சதும் போங்க" என்ற யோசனைதான். இயேசுவின் இருதயத்தை வணங்கும் திருஇருதய பக்திக்கு மாதத்தின் முதல் வெள்ளி முக்கியம், கூட்டம் இருக்கும். ஜூன் அந்த பக்தியின் மாதம், அப்போதும் அப்படியே.

மானாமதுரை பஸ்ஸில் முத்தனேந்தலில் இறங்கி ஆட்டோ. மதுரையிலிருந்து மொத்தம் சுமார் 36 கி.மீ. திரும்பி வரவும் அதே ஆட்டோவைப் பேசிவிடுங்கள்.

எதிர்பாராதது இரண்டு. வெயிலிலிருந்து நுழைந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. கண் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். சிலர் அதற்குள் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், பாவம். பழகிய பிறகுதான் கூரை வளைவுகளும் சுரூபங்களும் (புனிதர் சிலைகள்) ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன. மனம் கரைவது அப்போதுதான்.

இரண்டாவது, எதிரொலி. இந்தக் கோயில் 1894இல் பிரெஞ்சு சேசுசபைக் குரு பெர்டினாண்ட் செல், பிரான்சின் ரேம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. உயர்ந்த கூரை, கடினமான சுவர், ஒலியை உறிஞ்ச எதுவுமில்லை. வேகமாகச் சொன்னால் ஜெபமாலை வரிகள் ஒன்றோடொன்று குழம்பும். ஒவ்வொரு வரிக்கும் இடைவெளி விட்டால் சொல் முழுசாகத் திரும்பி வரும். கிசுகிசுப்பும் கேட்கும், ஆகவே செல்போனை அணைத்துவிடுங்கள்.