கே.எல். பதிவு ஆடி கியூ7: விலைச் சரிவு பற்றி உதவி தேவை

பொள்ளாச்சி, பாலக்காடு பக்கத்து நண்பர்களே, வணக்கம். நான் வாங்கப் பேசி வருவது 2018 கியூ7 டீசல், கே.எல். (கேரளா) பதிவு.

இன்சூரன்ஸ் கணக்கில் நாலு வருடம் தாண்டினாலே ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) 50 சதவீதம் கழியும். ஐந்து வருடத்துக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஓனரும் பேசி முடிப்பதுதான். பெரிய சரிவு முதல் ஓனரோடு போயிற்று. இனி பயம் ஏர் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைக் காற்றுப் பைகளில் (ஏர் ஸ்பிரிங்) தாங்கும் அமைப்பு. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை இறங்கி நின்றால் ஏர் ஸ்பிரிங் கசிகிறது. அப்படியே ஓட்டினால் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும்.

டி.என்.னுக்கு (தமிழ்நாடு) மாற்ற படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று), லோன் இருந்தால் அதற்கு முன் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க படிவம் 35, 12 மாதத்துக்குள் மறுபதிவு. இங்கே கட்டும் சாலை வரியையும் வாங்கும் விலையோடு சேர்த்தே பார்க்கணும்.

மூன்று வருடம் கழித்து விற்கும்போது எந்த நம்பருக்கு விலை நிற்கும், கே.எல்.லா டி.என்.னா? ஏர் ஸ்பிரிங் மாற்றியவர்கள் பில் தொகையும் சொல்லுங்கள், பேரத்தில் கழிக்க உதவும்.