ரேபிள் சோவில் (மேசை வாள்) டாடோ காடி (தட்டுச் செருகப் பலகைக்குக் குறுக்கே எடுக்கிற பள்ளம்) வெட்டினவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

கோண்டாவில்_பட்டறை:
போன மாரியில் செய்த புத்தக அலுமாரி ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. டாடோ செற் (அகலமாக வெட்ட ஒன்றாகச் சேர்த்துப் பூட்டுகிற பிளேட்டுகள்) பூட்டி முதல் தட்டுக்கு வெட்டின காடி அருமை, தட்டு இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. அடுத்த தட்டு வேறு ஷீற், அதே காடியில் லொடலொட. பிளைவூட்டில் 18 மில்லிமீற்றர் என்றுதான் அடித்திருக்கிறது, கலிப்பர் வைத்து அளந்தால் ஒன்று 17.7, மற்றது 17.3. அப்போது எங்கள் பட்டறை ஆசாரியார் ஐயா வந்தார், கலிப்பரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்தத் தட்டில் மிஞ்சின துண்டை எடுத்து, கழிவுப் பலகையில் வெட்டின காடிக்குள் செருகி, பலகையைத் தலைகீழாகப் பிடித்தார். துண்டு விழுந்தது. "கவிட்டாலும் விழக்கூடாது, சுத்தியலும் கேக்கக்கூடாது" என்றுவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். செற்றின் நடுவில் வருகிற சிப்பர் பிளேட்டுகளுக்கு இடையில் இருந்த ஷிம்மைக் (அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற மெல்லிய வளையம்) கழற்றிவிட்டு கொப்பித் தாளை வட்டமாக வெட்டிப் போட்டோம். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், அப்படித் தாள் தாளாகத்தான் அகலத்தைச் சரிப்படுத்தினோம். இப்போது ஷீற்றுக்கு ஷீற் துண்டு வைத்துப் பார்க்காமல் வெட்டுவதில்லை.

சாவகச்சேரியான்:
அகலம் சரி, எனக்கு விளிம்புதான் எமன். தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தோல்) ஒட்டின அலுமாரிப் பக்கப் பலகை, நாருக்குக் குறுக்கே காடி. பிளேட் வெளியேறுகிற முனையில் விரல் நீளத்துக்கு வெனீர் சிலும்பிப் பறந்தது. வீட்டுக்கார அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. இப்போது கோட்டின் இரண்டு பக்கமும் கூர்க்கத்தியால் அழுத்திக் கீறிவிட்டு, முனையில் கழிவுக் கட்டை ஒன்றை அணைத்து வைத்துத்தான் தள்ளுகிறேன்.

உடுப்பிட்டிப்_பொடியன்:
கோண்டாவில் அண்ணை, டாடோ செற் எல்லாருடைய மெஷினிலும் ஏறாது. லண்டனிலிருந்து மாமா அனுப்பின சோவில் நான் பூட்டப் போனேன், நட்டுக்கு இரண்டு மரைதான் பிடித்தது. அப்படியே கழற்றிவிட்டேன். ஐரோப்பாவுக்கென்று செய்கிற மெஷின்களில் பெரும்பாலும் பிளேட் பூட்டுகிற தண்டு நீளம் குறைவு. ஆகவே சாதாரண பிளேட்டால் பக்கம் பக்கமாக வெட்டுங்கோ: முதலில் இரண்டு ஓரமும், பிறகு நடுவைச் சுரண்டி எடுங்கோ. பல் மாறி மாறிச் சரிந்த பிளேட் என்றால் அடியில் வரி வரியாக மேடு விடும், தட்டைப் பல் பிளேட் தேடுங்கோ. காடி வெட்டி முடிந்தவுடன், கழற்றின ரைவிங் நைஃபை (பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற பாதுகாப்புத் தகடு) திரும்பப் பூட்டுங்கோ. பென்ஸும் (பலகையை அணைத்துத் தள்ளுகிற பக்கத் தடுப்பு) மைட்டர் கேஜும் (பலகையைக் குறுக்காகத் தள்ளுகிற வழிகாட்டி) ஒன்றாகப் பாவிக்கவே வேண்டாம், பலகை திருப்பி அடிக்கும். பின்னேரம் வோல்ட்டேஜ் இறங்குகிற நேரத்தில் முழு ஆழமும் ஒரே தடவையில் எடுத்தால் மோட்டர் முனகும், இரண்டாகப் பிரித்து எடுங்கோ. உண்மையைச் சொன்னால் ரவுட்டர் (சுழலுகிற முனையால் காடி குடைகிற கைமெஷின்) வாங்குவதுதான் புத்தி.

சாவகச்சேரியான்:
தம்பி, நான் ரவுட்டர் கேட்கவில்லை. பென்ஸ், கேஜ் கதையும் அரைவாசிதான் சரி. பலகையை இரண்டாக அறுக்கும்போது துண்டு பென்ஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் சிக்கும், அதுதான் ஆபத்து. காடியில் துண்டு ஒன்றும் கழன்று வராதே. அங்கே இரண்டையும் சேர்த்துப் பாவிக்கலாம், பென்ஸ் பிளேட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதிரைக்கட்டை:
நீங்கள் சண்டை பிடியுங்கோ, நான் ஆழத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு முனையிலும் காடி 6 மில்லிமீற்றர், நடுவில் 4 கூட இல்லை. பிளேட்டைத் தாழ்த்தி உயர்த்தி, பூட்டை இறுக்கி, ஒன்றும் மாறவில்லை. பிறகு பலகையை மேசையில் கிடத்தி ஒரு மூலையைத் தட்டினேன், டக் டக் என்று ஆடியது. ஈரச் சுவரில் சாத்தி வைத்த பிளைவூட் வில்லாக வளைந்து, நடுப்பகுதி மேசையைத் தொடாமலே பிளேட்டுக்கு மேலால் போயிருக்கிறது. கையால் நேரே மேலே அழுத்தப் பயம், பிளேட் அடியில் எங்கே நிற்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. பென்ஸில் ஒரு சீப்புப் பலகை (சீப்புப் பல்போல் கீறின, அமத்திப் பிடிக்கிற கட்டை) பூட்டி மேலிருந்து அமத்தி, அதே அளவில் இன்னொரு தடவை தள்ளினேன், நடுவும் 6க்கு இறங்கியது. ஷீற்றைப் படுக்கையாக அடுக்கி வைக்க என் கொட்டிலில் இடமில்லை. நிமிர்த்தி வைத்தும் வளையாமல் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் எப்படியென்று சொல்லுங்கோ, ரவுட்டர் வாங்கச் சொல்லவேண்டாம்.