ஆயில் விளக்கு எரிகிறது, அவசரம்

சிரியம்காரன்: வண்டி டாஷ்போர்டில் ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பீலிக்கான் அம்மன் கோயிலுக்கு ஆள் ஏற்ற முன்பணம் வாங்கிவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு டிரைவர்: என்ன வண்டி தம்பி? பெட்ரோலா டீசலா?

தட்டோன் தோட்டம்: ஸ்டார்ட் செய்ததுமா, சூடான பிறகா?

மோல்மேன் மச்சான்: விளக்கை எரியவைக்கும் ஆயில் அழுத்த சுவிட்சு போயிருக்கும். எனக்கும் இப்படித்தான், மாற்றினேன், தீர்ந்தது.

பெகு டிரைவர்: பழைய வண்டிக்கு 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊற்றினால் போதும். நம் ஊர் வெயிலுக்கு மெல்லிய ஆயில் தாங்காது.

பழைய பட்டறை: வண்டி பெயரே தெரியாமல் மருந்து சொல்கிறீர்கள். தம்பி, முதலில் கேள்வி கேட்கப் பழகு. சூடான வண்டி நின்ற இடத்தில் விளக்கு மினுக்கினால் என்ஜின் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது ஆயிலில் டீசல் கலந்திருக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பார். ஓட்டத்தில் எரிந்தால் பம்புக்கு ஆயில் போய்ச் சேரவில்லை. கெட்டி ஆயில் ஊற்றினால் நோய் மறையும், போகாது.

சிரியம்காரன்: மன்னிக்கணும் அண்ணே. 1994 டொயோட்டா ஹைலக்ஸ், 3எல் டீசல் என்ஜின். டீசல் வாடை இல்லை. ஆள் ஏற்றிக்கொண்டு ரங்கூன்-சிரியம் பாலம் ஏறும்போது எரிகிறது. நிறுத்தி டீ குடித்துவிட்டு எடுத்தால் அணைந்துவிடுகிறது.

தட்டோன் தோட்டம்: அப்படியானால் இனி ஓட்டாதே. சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார். ஆயில் அழுத்தம் 0.3 கிலோ அளவுக்கு இறங்கினால்தான் அந்த விளக்கு எரியும். எரிந்த பிறகு யோசிக்க நேரமில்லை.

சிரியம்காரன்: கேஜ் இரவல் வாங்கினேன். சூட்டில், நின்ற இடத்தில் 1. மூவாயிரம் சுற்றில் 3 வரை ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் முள் நடுங்கிக்கொண்டே 0.3க்கு விழுகிறது.

மோல்மேன் மச்சான்: 3 பவுண்டா? என்ஜின் போச்சு.

பழைய பட்டறை: ஜப்பான் கேஜ், கிலோவில் இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் சதுர அங்குலத்துக்கு 14.2 பவுண்டு. 3 கிலோ நல்ல அழுத்தம்.

மோல்மேன் மச்சான்: எல்லோரிடமும் ஜப்பான் கேஜா இருக்கிறது? என்னுடையது பவுண்டுதான்.

பெகு டிரைவர்: பவுண்டிலேயே சொன்னால் குழப்பமே இல்லை.

தட்டோன் தோட்டம்: பவுண்டோ கிலோவோ, விழுவதைப் பாருங்கள். ஏறிய பிறகு விழுந்தால், பம்பு ஆயில் உறிஞ்சும் வாயில் இருக்கும் வலை, அந்த ஸ்ட்ரெய்னரில் எதையோ உறிஞ்சி அடைத்துக்கொள்கிறது. நிறுத்தினால் அது உதிர்ந்துவிடும், அதனால்தான் டீ குடித்ததும் அணைகிறது. தம்பி, சமீபத்தில் என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் பானைக் கழற்றினாயா?

சிரியம்காரன்: ஆமாம், போன மாதம். ஒழுகியது, பட்டறையில் பசை போட்டு ஒட்டினார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமென்று நினைக்கவில்லை.

பழைய பட்டறை: அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

(மூன்று நாள் கழித்து)

சிரியம்காரன்: ஆயில் பானைக் கழற்றி இறக்கினோம். ஸ்ட்ரெய்னர் வலையில் கறுப்புப் பசை, மண்புழு மாதிரி சுருண்டு முக்கால் பங்கு மூடியிருந்தது. விளிம்பில் அள்ளிப் பூசியது உள்ளே பிதுங்கியிருக்கிறது. சுத்தம் செய்து, மெல்லிய கோடாகப் பூசி மூடினோம். பாலம் ஏறும்போதும் 3ஐ விட்டு இறங்கவில்லை. தட்டோன் அண்ணனுக்கு நன்றி.

தட்டோன் தோட்டம்: நல்லது தம்பி. பான் கழன்றபோது பேரிங் மூடி ஒன்றைத் திறந்து பார்த்தீர்களா?