மறு: கேட்கீப்பிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> வாயிற்காவல் என்றே வைத்துவிடலாம். பழைய சொல், நேராகவும் இருக்கிறது.

ஐயா, நம் சொற்பட்டியலில் கேட்கீப்பிங் என்பது, ரசிகர் கூட்டத்துக்குள் வருகிறவரை 'நீ உண்மையான ரசிகரா' என்று சோதித்து ஒதுக்குவது. அதற்கு வாயிற்காவல் வேண்டாம் என்பேன். நம் மரபில் வாயிற்காவலன் நல்லவன். சிலப்பதிகாரத்தில் கோபத்தோடு வந்து நின்ற கண்ணகியை மறிக்காமல், அரசனிடம் போய்ச் சொல்லி உள்ளே அழைத்துச் சென்றவன் அவன்தான். பேச்சுவழக்கிலும், கடலூர்–பாண்டி சாலையில் போகிற யாரிடமும் கேட்கீப்பர் என்றால் ரயில்வே கேட்காரர்தான் நினைவுக்கு வருவார். அவர் மூடினால் எல்லாருக்கும் மூடுவார், திறந்தால் எல்லாருக்கும் திறப்பார்.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. சமீபத்தில் பாண்டிச்சேரியில் நடந்த ஒரு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர் சந்திப்புக்கு அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேருமே, ஒன் பீஸ் என்ற கடற்கொள்ளையர் தொடரின் நாயகன் லுஃபி படம் போட்ட டீ-ஷர்ட். அண்ணனிடம், "எந்த எபிசோடு வரைக்கும் வந்திருக்கீங்க ப்ரோ?" தங்கையிடம், "ஒன் பீஸ் பார்த்திருக்கியா, இல்ல டிசைன் பிடிச்சு வாங்கினியா? சரி, கப்பல்ல யார் யார் எந்த வரிசையில சேர்ந்தாங்க, சொல்லு." சோரோ, நாமி, உசோப், சாஞ்சி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அடுத்த பெயருக்குக் கொஞ்சம் யோசித்தாள். அதற்குள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் அவளைவிடக் குறைவாகத்தான் பார்த்திருந்தான். அவனை யாரும் சோதிக்கவில்லை. அந்தப் பெண் அப்புறம் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

> புதிதாக வரும் பையன்களையும்தானே கேட்கிறார்கள்?

கேட்கிறார்கள். பையனுக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்கிறார்கள். பெண்ணுக்குத் தெரியாவிட்டால் 'போலி ரசிகை' பட்டம், தெரிந்துவிட்டால் இன்னும் கடினமாக அடுத்த கேள்வி. சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் இந்த வேறுபாடு கட்டாயம் வர வேண்டும். இதே மனப்பான்மை முற்றினால் எங்கே போகும் என்பதை 2014இல் பார்த்தோம். கேமர்கேட் என்ற பெயரில், வீடியோ கேம் உருவாக்கிய பெண்களுக்கும் அவற்றை விமர்சித்த பெண்களுக்கும் கொலை மிரட்டல்வரை வந்தது.

இத்தனைக்கும் ரசிகர் உலகத்தைக் கட்டி எழுப்பியதில் பெண்களின் பங்கு பெரியது. ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கு வந்த முதல் ரசிகர் இதழ் ஸ்பாக்கனாலியா. 1967இல் அதைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள். நம் பக்கம், 1984இல் லயன் காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதை இதழ் தொடங்கியபோது முதல் இதழின் கதை நாயகியே ஒரு பெண், மாடஸ்டி பிளைஸி.

சொந்த வீட்டு வாசலிலேயே நிறுத்திவைக்கிற வேலை இது. அதனால் என் பரிந்துரை: வாசல்மறிப்பு.

> மறியல் எல்லாருக்கும் தெரிந்த சொல். வாசல்மறியல் என்றால் என்ன?

மறியல், உரிமை கேட்டு உட்காருகிறவர்களின் சொல். தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காரும் பெண்கள் செய்வது மறியல். அதைத் தூக்கி இவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறிப்பு என்றால் வழிமறிப்பு நினைவுக்கு வரும், அது பொருத்தம்.

– மஞ்சக்குப்பம், கடலூர்

----

அம்மா, பொருள் சரியாக விழுகிறது. புணர்ச்சிதான் இடிக்கிறது. லகரத்தின் முன் மகரம் வந்தால் னகரமாகத் திரிய வேண்டும். வாசன்மறிப்பு என்றல்லவா வரும்?

– லாஸ்பேட்டை, புதுச்சேரி

----

ஐயா, விதி அதுதான். ஆனால் கடல்மட்டத்தை இன்று யாரும் கடன்மட்டம் என்று எழுதுவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை முதல்முறை படிக்கும்போதே புரிய வேண்டிய சொல் என்பதால் இயல்பாகவே விட்டுவிடலாம். வினையாக எழுதும்போது 'வாசலில் மறித்தார்கள்' என்று பிரித்துக்கொள்ளலாம், செய்பவர் வாசல்மறிப்பவர்.

உங்களுக்குச் சம்மதம் என்றால் இந்த எடுத்துக்காட்டோடு பட்டியலில் சேருங்கள்: "பெண்களிடம் மட்டும் வினாடி வினா நடத்துவது வாசல்மறிப்பு, இந்தச் சந்திப்பில் அதற்கு இடமில்லை." அடுத்த சந்திப்பின் அறிவிப்பிலும் இதே வரியைப் போடச் சொல்லி ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

– மஞ்சக்குப்பம், கடலூர்