கோண்டாவில் வீடு (குடும்பக் குழு)

அகிலன்: ஞாயிறு காலை 9 மணிக்கு அம்மம்மாவின் சமையலறை வேண்டும். ஏ லெவல் திரைப்படப் பாடத்துக்கு. அம்மம்மாவும் வேண்டும்.

மாமா: எதற்கு?

அகிலன்: நடிக்க. எஜுகாஸ் என்ற பிரிட்டன் தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் 30 சதவீத மதிப்பெண் நாமே செய்யும் படைப்புக்கு. 4 முதல் 5 நிமிடக் குறும்படம் எடுக்கலாம். இல்லாவிட்டால் 1600 முதல் 1800 சொல்லில் திரைக்கதை எழுதி, ஒரு பகுதியைக் காட்சி காட்சியாகப் புகைப்படம் எடுத்துக் கொடுக்கலாம். நான் குறும்படம். மிச்சம் 70 சதவீதம் எழுத்துத் தேர்வு.

மாமா: திரைக்கதையே எழுது. வீடு குழம்பாது.

மதி அக்கா: மாமாவுக்குப் படமே பிடிக்காது.

மாமா: உன் கல்யாண வீடியோவை 3 மணி நேரம் பார்த்தேனே. நான் வந்தது 2 விநாடி.

சித்தி: மறுபடியுமா.

அகிலன்: அதை வகுப்பில் பிழைக்கு உதாரணமாகக் காட்டினேன். எதிரெதிரே நிற்பவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டும். 180 பாகை விதி. அதில் கேமரா தாண்டிவிட்டது. மாலை மாற்றும்போது இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்.

மதி அக்கா: வகுப்பிலா???

அத்தான்: அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறோம்.

அம்மம்மா: (குரல் பதிவு, 1:42)

சித்தி: என்ன சேலை என்று கேட்கிறார்.

அகிலன்: வீட்டில் உடுத்துவதே போதும். பேச்சு இல்லை. தேங்காய் துருவும் கை, பிறகு முகம், பிறகு யன்னல். 11 மணிக்கு மேல் அந்த வெளிச்சம் போய்விடும். ஒலிப்பதிவு நடக்கும்போது ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டும். அந்த இரைச்சல் நமக்குப் பழகிவிட்டது, மைக் விடாது.

சித்தி: உள்ளே 3 கிலோ அறக்குளா மீன்.

மாமா: எங்கே வாங்கினாய்?

சித்தி: வெம்பிளி. விலை கேட்காதீர்கள்.

மாமா: ஈஸ்ட்ஹாமில் மலிவு.

அகிலன்: 20 நிமிடம்தான். அம்மாவின் கார்ச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். புறப்படும்போது சாவியைத் தேடினால் சுவிட்சைப் போட நினைவு வரும். படப்பிடிப்புகளில் செய்வதுதான்.

அம்மா: என் சாவியா?

மாமா: கணிதம் எடுத்திருக்கிறானா?

அம்மா: எடுத்திருக்கிறான் அண்ணா. ஐந்தாவது தடவை சொல்கிறேன்.

மாமா: சரி. அப்படியானால் நான் பின்னால் பத்திரிகை படித்துக்கொண்டு இருக்கிறேன்.

அகிலன்: மாமா, படத்தில் அம்மம்மா தனியாக இருக்கிறார். கதையே அதுதான்.

மாமா: தனியாகவா? நாங்கள் எல்லாம் எங்கே?

சித்தி: மீனைச் சனிக்கிழமையே பொரித்துவிடவா?

மதி அக்கா: 9 மணிக்கு அம்மம்மா பூசையில் அல்லவா இருப்பார்?

அம்மம்மா: (குரல் பதிவு, 0:07)

சித்தி: பச்சைச் சேலையாம்.